வாய் மட்டும் போதுமா?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஆனால், பழைய வேலை முறையைத் திருத்த வருகிறவருக்கு வாய் மட்டும் போதாது. காதும் வேண்டும்.

பேச்சின் பலத்தைத் தஞ்சை மாவட்டம் கண்டிருக்கிறது. 1960-களில், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27 என்ற நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி எடுத்துச் சொன்னது. விவசாயிகள் கேட்டார்கள்; பயிரிட்டார்கள். அந்த நெல்லுக்கே "ரேடியோ நெல்" என்று பெயர் வந்துவிட்டது!

புது விதை சரி. வேலை செய்யும் முறையையே மாற்ற வேண்டுமென்றால்?

திருந்திய நெல் சாகுபடி அப்படிப்பட்டது. 14 நாள் நாற்று. குத்துக்கு ஒன்றே ஒன்று. 22.5 சென்டிமீட்டர் இடைவெளி. ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ விதை போதும். தண்ணீரும் மிச்சம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், திருவையாற்று வயலில் இதைச் சொல்ல வேண்டியது யாரிடம்? வரப்பில் நிற்கும் நிலக்காரரிடம் மட்டுமா? சேற்றில் குனிந்து நிற்கும் நடவுப் பெண்களிடமும் அல்லவா?

வளர்ந்த நாற்றைக் கொத்தாக நட்டுப் பழகிய கை அது. இளம் நாற்றை ஒவ்வொன்றாக, கயிறு பிடித்து நடும்போது, முதலில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். "கூலி பழைய கூலிதானா?" என்ற கேள்வி எழும். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மகசூலை மட்டும் பேசினால், பேச்சு காற்றோடு போகும்.

ஆகவே, மாற்றம் செய்ய வருகிறவர் முதலில் வேலை செய்கிறவரைக் கேட்க வேண்டும். லாபத்தைச் சொல்லும் வாயால் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். "இதுவரை செய்தது தப்பு" என்று தொடங்கக் கூடாது. ஊருக்குச் சோறு போட்ட கை அது! ஒரு சிறு வயலில் செய்து காட்ட வேண்டும். கிடைக்கும் லாபத்தில் உழைக்கிறவருக்கும் பங்கு உண்டென்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அரிசி ஆலையானாலும், பஸ் பணிமனையானாலும், சர்க்கார் அலுவலகமானாலும் இதுவே வழி.

திருவையாற்றில் ஆண்டுதோறும் தியாகராஜர் ஆராதனை நடக்கிறது. நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். எல்லோருக்கும் பாட்டுத் தெரியும். அதனால் குரல்கள் சேருகின்றன.

புது முறையும் அப்படித்தான். ஒருவர் மட்டும் அறிந்திருந்தால் அது உத்தரவு. எல்லோரும் அறிந்து ஏற்றால்தான் அது முன்னேற்றம்!