யார் மகள் மணிமேகலை? தொடர்ச்சிக் காப்பியத்தில் உளக்காயமும் பற்றுமாற்றமும்

சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என வழங்குவது நம் பாடநூல் மரபு. இவ்வழக்கு இரண்டையும் அருகருகே நிறுத்தி, பின்னது முன்னதன் விளைவு என்பதை மறைத்துவிடுகிறது. மணிமேகலையை ஒரு தொடர்ச்சி நூலாக, முன்கதையில் காயமுற்றோர் அதன்பின் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைச் சொல்லும் நூலாக வாசிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இக்கருத்து நூலகத்தில் தோன்றியதன்று. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு முறைவேலைக்குச் செல்லும் என் பெரியம்மா மகள், மாயமும் காதலும் கலந்த தொடர்கதைகளை நிறுவனப் பேருந்தில் அமர்ந்தபடி கைபேசியில் வாசிப்பவர். இரண்டாம் பாகங்களின்மீது அவருக்கு ஏன் இத்தனை ஆர்வம் என்று ஒருமுறை கேட்டேன். “மொத பாகத்துல அடிபட்டவ ரெண்டாவதுல யார் பக்கம் நிக்கிறா? அதுக்குத்தான்டி படிக்கிறேன்” என்றார். சிதம்பரத்திற்குப் பேருந்தில் வரும்போது அக்கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. சாத்தனாரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே அல்லவா?

வான்வழிச் செல்லுதல், வேற்றுருக் கொள்ளுதல், பசியின்றி இருத்தல் ஆகிய மூன்று மந்திரங்களும், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும், முற்பிறப்பை உணர்த்தும் பீடிகையும், பேசும் கந்திற்பாவையும் உள்ள நூல் இது. இருந்தும் நம் ஆய்வுகள் பெரும்பாலும் 27, 29, 30ஆம் காதைகளையே சுற்றிவருகின்றன. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. உ.வே.சாமிநாதையர் 1898இல் இந்நூலைப் பதிப்பித்தபோது பௌத்தக் கருத்துகளை விளங்கிக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. அன்று தேவையாயிருந்த சமய விளக்கம் பின்னர்ப் பழக்கமாகிவிட்டது.

காயம் முதலில் மாதவியுடையது. ஊரலருரைத்த காதையில், இந்திர விழாவுக்கு அவள் வாராமை குறித்துச் சித்திராபதி வசந்தமாலையை அனுப்புகிறாள். கோவலன் உற்ற துயர் கேட்டும் உயிர் நீங்காது நின்றதையே தன் நாணின்மையாக மாதவி கூறுகிறாள். பேரிழப்பில் எஞ்சியோர்க்குரிய குற்றவுணர்வு இது. அடுத்து அவள் சொல்வது நம் காப்பிய மரபில் வேறெங்கும் காணாதது எனலாம். தான் பெற்ற மகளைக் கண்ணகியின் மகள் என்கிறாள். கணவனை இழந்தவளுக்கு, அவ்விழப்பில் பங்குடையவள் தன் மகளையே உறவால் கொடுத்துவிடுகிறாள். இதனைக் கற்புக்கோட்பாட்டின் வெற்றியாகக் காண்போர் உளர். கற்பின் மொழியை மாதவி கையாள்கிறாள் என்பது உண்மையே. ஆயினும் அம்மொழியால் அவள் செய்துகொள்வது, தன் குலத்திற்குரிய பற்றை அறுத்து, தான் துன்புறுத்தியவள் பக்கம் நிற்பது. இது துறவுக்கு முந்திய மாற்றம். துறவு இதன்மேல் எழுகிறது.

மணிமேகலையின் நிலை இன்னும் சிக்கலானது. பளிக்கறையிலிருந்து வெளிவந்தபின், தன்னை இகழ்ந்துரைத்த உதயகுமரன் பின்னேயே தன் நெஞ்சம் சென்றதைச் சுதமதியிடம் மறையாது கூறுகிறாள். மணிபல்லவத்தில் பழம்பிறப்பை உணர்ந்ததும் இப்பற்று அறுந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். நடந்ததோ வேறு. நச்சுப்பாம்பால் இறந்த இராகுலனே உதயகுமரன் என்று தெய்வம் உரைக்க, நெஞ்சின் தடுமாற்றமாக இருந்தது பிறவிதோறும் தொடரும் உறவாகிவிடுகிறது. பழையதை அறிவது காயத்தை ஆற்றும் என்னும் இக்கால உளவியலின் எளிய நம்பிக்கையைச் சாத்தனார் ஏற்கவில்லை. காயசண்டிகை உருவில் இருந்தவளைத் தன் மனைவியெனக் கருதிய காஞ்சனனின் வாளுக்கு உதயகுமரன் இரையானபோது, அவள் கணவனை இழந்தவளாகவே அரற்றுகிறாள். கந்திற்பாவை தடுக்காவிடில் அவள் அவனுடலைத் தழுவியிருப்பாள். அமுதசுரபி ஏந்தி ஊரின் பசி தீர்த்து, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய பிறகும் இது நிகழ்கிறது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அப்படியாயின் ஆறுதல் எங்கே நிகழ்கிறது? சிறைவிடு காதையில் என்பேன். மகனை இழந்த இராசமாதேவி மருந்தூட்டியும், கல்லா இளைஞன் ஒருவனை ஏவியும், உணவின்றிப் புழுக்கறையில் அடைத்தும் மணிமேகலையைத் துன்புறுத்துகிறாள். எல்லாம் பொய்த்து நடுங்கி நிற்பவளிடம் மணிமேகலை கேட்பது ஒன்றே: உடலுக்கு அழுதாயா, உயிருக்கு அழுதாயா? உடலுக்கெனின் அதனைச் சுடுகாட்டிற்கு அனுப்பியவர் யார்? உயிருக்கெனின் அது புக்க இடம் அறியவொண்ணாதது, ஆகவே எவ்வுயிர்க்கும் இரங்கல் வேண்டும். இதனைத் தத்துவ உரையாகவே படித்துவருகிறோம். இருவரும் ஒரே இளைஞனை இழந்தவர்கள் என்பதை மறவாது படித்தால் உரையின் நிறம் மாறுகிறது. தன் அழுகையை அடக்கும்படி கந்திற்பாவையால் பணிக்கப்பட்டவள், அவனுக்காக அழும் மற்றொருத்திக்குத் தான் கற்றதைக் கொடுக்கிறாள். ஒறுத்தவள் கேட்பவளாகிறாள்.

சாத்தனாரோடு எனக்கு ஒரு மாறுபாடும் உண்டு. வஞ்சியில் படிமமாய் நிற்கும் கண்ணகி, மதுரையை எரித்த வினையின் பயனைத் தான் நுகர்ந்தே ஆக வேண்டும் என்று மணிமேகலையிடம் கூறுகிறாள். முன்கதையில் நீதியாக எரிந்த சினம் தொடர்ச்சியில் கடனாகிவிடுகிறது. வினைக்கோட்பாட்டின்படி இது பொருந்தும். ஆயின் அநீதிக்கு ஆளானவளிடமே கணக்குக் கேட்கும் இம்முறையை, நூலின் சமயம் இது என்று கூறி எளிதில் கடந்துவிட இயலாது. பழிவாங்கிய இராசமாதேவிக்கு இப்பிறப்பிலேயே ஆறுதல் கிட்ட, கண்ணகி பிறவிகள் பல காத்திருக்கிறாள்.

‘உளக்காயம்’ என்னும் புதுச்சொல்லைப் பழம்பனுவல்மேல் ஏற்றுவதாக என்னை மறுக்கலாம். சொல் புதிது என்பதை ஒப்புகிறேன். பூத்தொடுக்கையில் கோவலன், கண்ணகி துயரைக் கேட்ட மணிமேகலையின் கண்ணீர் வீழ்ந்து மாலை தூய்மை இழந்தது என்பதும், அதனால் வேறு மலர் கொய்ய அவளை மாதவி அனுப்பினாள் என்பதும் மலர்வனம் புக்க காதையில் உள்ளவை. கதை முழுவதும் அந்தக் கண்ணீரிலிருந்தே தொடங்குகிறது.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இவற்றையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பேத்தியைத் தன்னிடம் தந்துவிடுமாறு சித்திராபதி அரசியின் அடியில் விழுந்ததையும், அரசி மறுத்து மணிமேகலையைத் தன்னுடன் இருத்திக்கொள்ள நினைத்ததையும் கேட்டதும் நிறுத்தச் சொன்னார். “எல்லாரும் பக்கம் மாறிட்டாங்க. அந்தக் கிழவி மட்டும் அங்கேயே நிக்கிறா. அவளுக்கு என்ன ஆச்சு?” என்றார். அவருக்கு விடை சொல்ல என்னிடம் ஒரு காதையும் இல்லை.