பாடிப் பிழைத்த இனமும் பார்த்துக்கொண்டிருக்கும் இனமும்

எஸ்தோனியா என்றவுடன், 2005ஆம் ஆண்டிலேயே நாடளாவிய உள்ளூராட்சித் தேர்தலில் இணையவழி வாக்களிப்பை நடைமுறைப்படுத்திய நாடு என்பதே எம் போன்ற கணினித்துறையினரின் நினைவுக்கு வரும். ஆயினும், சுமார் 13 இலட்சம் மக்களை மட்டுமே கொண்ட அத்தேசம் இன்றும் நிலைத்திருப்பதன் இரகசியத்தைக் கணினியில் தேடிப் பயனில்லை. அது அம்மக்களின் தொண்டையில் இருக்கிறது.

உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த 1869இல், தார்த்து நகரில் எஸ்தோனியர் தமது முதலாவது பாடல் விழாவை நடத்தினர். 1888இல் யாக்கோப் ஹுர்த் என்ற மதகுரு, முதியோர் வாயிலுள்ள பாடல்களையும் கதைகளையும் எழுதி அனுப்புமாறு மக்களிடம் வேண்டினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் எழுதி அனுப்பினர். சோவியத் ஆட்சியிலும் விழா தொடர்ந்தது. மேடையில் ஆட்சியாளரைப் போற்றும் பாடல்கள் திணிக்கப்பட்டன. எனினும் 1960இல், லிதியா கொய்துலாவின் தாய்நாட்டுக் கவிதைக்குக் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் இசையமைத்த பாடலை, நிகழ்ச்சி நிரலில் இல்லாதபோதும் மக்கள் பாடினர். 1988இல் தாலின் பாடல் திடலில் இலட்சக்கணக்கானோர் திரண்டு பாடினர். 1991இல் நாடு மீண்டும் சுதந்திரம் பெற்றது.

பாடல் மட்டுமே விடுதலையைத் தந்தது என்று நாம் கூறவில்லை. சோவியத் ஒன்றியமே அன்று தளர்ந்திருந்தது. ஆனால் அந்த வேளை வந்தபோது ஒன்றாய் எழுந்து நிற்க ஓர் இனம் எஞ்சியிருந்ததே, அதற்குக் காரணம் பாடல்.

ஒஸ்லோவில் வாழும் எமது நிலை என்ன? விழாக்களுக்குக் குறைவில்லை. மேடையில் சிலர் ஆட, மண்டபத்தில் இருப்போர் கைத்தொலைபேசியில் படம்பிடிக்கின்றனர். பிரதம விருந்தினர் உரை, பரிசளிப்பு, கொத்துரொட்டி. பின்னர் வீடு திரும்புகிறோம். மே 17 அன்று கார்ல் யோகான் வீதியில் எமது பிள்ளைகள் நோர்வேஜியப் பாடல்களைத் தாளைப் பாராமல் பாடுகின்றனர். அது மகிழ்ச்சிக்குரியதே. அதே பிள்ளைகளிடம் ஒரு தாலாட்டின் நான்கு அடிகளைக் கேட்டுப் பாருங்கள்!

"அவர்களுக்கு நிலம் இருந்தது, நாமோ புலம்பெயர்ந்தவர்கள்" என்று சிலர் வாதிடுவர். 1944இல் படகேறி சுவீடனுக்குத் தப்பிய எஸ்தோனிய அகதிகளுக்கும் நிலம் இருக்கவில்லை. அவர்கள் மறு ஆண்டே ஸ்டொக்ஹோமில் தமது பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினர். 1972இல் உலகெங்கும் சிதறிய எஸ்தோனியர் ரொறன்ரோவில் ஒன்றுகூடி விழா எடுத்தனர்.

1981இல் யாழ் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டில் உள்ளதை எரிக்கலாம் என்பதை எம்மைவிட நன்கறிந்தவர் யார்? அவ்வாறிருந்தும் எமது பாட்டிமாரின் நாவிலுள்ள ஒப்பாரியையும் கும்மியையும் நாற்றுநடவுப் பாடலையும் பதிவுசெய்யாமல் வாளாவிருக்கிறோம். இதற்கு எந்த எதிரியையும் குற்றஞ்சாட்ட இயலாது.

எனவே எமது அமைப்புகளிடமும் பெற்றோரிடமும் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஒவ்வொரு விழாவிலும் உரைகளைச் சுருக்கி, முன்கூட்டியே பழகிய ஒரு பாடலையேனும் மண்டபம் முழுவதும் எழுந்து பாட வேண்டும். தமிழ் கற்கும் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவரிடம் ஒரு பாடலைக் கேட்டு, ஊர்ப்பெயருடன் பதிவுசெய்ய வேண்டும். இதற்குப் பெரும் நிதி தேவையில்லை.

பார்வையாளராக இருந்து எந்த இனமும் தன் பண்பாட்டைக் காத்ததில்லை. உறவுகளே, வாய் திறந்து பாடுவோம்!