விளையாட்டுக் கணினி: தரமுயர்த்தலா, மாற்றீடா?

பொருளொன்று பழுதடைதல் வேறு, பழையதாதல் வேறு, பழையதென்று தீர்ப்பளிக்கப்படுதல் வேறு. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் இன்று கணினி வாங்குவோரிடையே வேரூன்றியுள்ளது. பல்கலைக்கழக மாணவரும் இதற்கு விதிவிலக்கல்லர். சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய விளையாட்டுக் கணினி புதிய ஆட்டமொன்றை இயக்கத் திணறுமாயின், 'இது கிழடுதட்டிவிட்டது. கொடுத்துவிட்டுப் புதிதொன்று வாங்குவதே புத்தி' என்ற முடிவு உடனே பிறந்துவிடுகின்றது. இம்முடிவு வாங்குவோரால் ஆராய்ந்து எடுக்கப்படுவதன்று. சந்தையினால் அவர் கையில் எடுத்துக் கொடுக்கப்படுவது. அதனை ஆராயாது ஏற்பது பொருளிழப்பு மாத்திரமன்று, அறிவிழப்புமாகும்.

'விளையாட்டுக் கணினியும் ஆய்வுக்குரிய பொருளோ?' எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். முகஞ்சுளிப்பு விடையாகாது. இரவில் ஆட்டமாடும் அதே இயந்திரந்தான் பகலில் ஆய்வேட்டைத் தட்டச்சுச் செய்கின்றது, புள்ளிவிபரங்களைக் கணிக்கின்றது, பொறியியல் மாணவனின் வரைபடத்துக்கும் நாடக மாணவியின் ஒளிப்பதிவுக்கும் உதவுகின்றது. அன்றியும், இலங்கை மாணவரொருவரின் சொந்த உடைமைகளுள் விலைகூடியது பெரும்பாலும் அதுவே. அதன் உறுப்புகள் டொலர் கொடுத்து இறக்குமதி செய்யப்படுபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. குடும்பங்களின் வருவாய் அவ்வேகத்தில் உயரவில்லை என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. இத்தகைய நாட்டில் 'எறிந்துவிட்டு வாங்கு' எனும் அறிவுரை வெறும் தொழினுட்ப ஆலோசனையன்று. ஒரு வீட்டின் பல மாதச் சேமிப்பைக் கேட்கும் கோரிக்கையாகும்.

முதுமையைத் தீர்மானிப்போர்

பொருளின் ஆயுளை அதனைப் பயன்படுத்துவோரன்றி விற்போர் தீர்மானிக்கும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1924 இல் மின்குமிழ் தயாரிக்கும் பெருநிறுவனங்கள் ஜெனீவாவில் 'ஃபீபஸ்' எனும் கூட்டணியை அமைத்துக் குமிழின் ஆயுளை 1000 மணித்தியாலமாகக் குறுக்கின. அதற்கு மேல் எரியும் குமிழைச் செய்தோருக்குத் தண்டம் விதித்தன. 1932 இல் பேர்னாட் லண்டன் என்பார், பொருளாதார மந்தத்தைப் போக்குவதற்குப் பொருள்களுக்குச் சட்டப்படி ஆயுட்காலம் விதிக்கவேண்டுமெனச் சிறுநூலே எழுதினார். அன்று பொருளின் உடலில் கைவைக்க வேண்டியிருந்தது. இன்று ஓர் அறிவிப்பே போதுமானது.

2021 ஒக்டோபர் 5 ஆம் திகதி வெளிவந்த வின்டோஸ் 11 இதற்குத் தக்க சான்றாகும். டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புக் கூறும், இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறைச் செயலி அல்லது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 2000 வரிசைச் செயலியும் இன்றியமையாதன என மைக்ரோசொப்ட் விதித்தது. 2017 இல் புதிதாகக் கடைக்கு வந்த ஏழாம் தலைமுறைச் செயலிகள், ஐந்தாண்டுகூட நிறையாமல் வாயிலில் நிறுத்தப்பட்டன. காரணம் பாதுகாப்பு என்றார்கள். ஆயின் அதே ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த கோர் ஐ7-7820எச்கியூ, வேறு சில உயர்தரச் செயலிகளோடு பின்னர் அனுமதிப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அச்செயலி மைக்ரோசொப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 எனும் கணினியில் இடம்பெற்றிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. விற்றவனின் பொருளுக்கு வாயில் திறக்கும். வாங்கியவனின் பொருளுக்குத் திறவாது எனின், அங்கு பேசுவது தொழினுட்பம் மாத்திரமன்று.

வின்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நின்றது. பாதுகாப்புத் திருத்தம் பெறாத இயங்குதளத்தோடு இணையத்தில் உலாவுவது ஆபத்தானதே. அதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் இது மென்பொருள் பற்றிய முடிவேயன்றி வன்பொருளின் மரணமன்று. தனியாருக்கென 2026 ஒக்டோபர் வரை நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. லினக்ஸ் இயங்குதளத்தில் வின்டோஸ் ஆட்டங்களை இயக்கும் 'புரோட்டன்' 2018 முதல் கிடைக்கின்றது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு இறுகப் பிணைக்கப்பட்ட 'வலோரன்ட்' போன்ற இணைய ஆட்டங்கள் அதில் இயங்கா என்பதும் உண்மையே. அத்தகைய ஆட்டமே வேண்டுமென்போருக்கு வழி குறுகுகின்றது, ஏனையோருக்குக் குறுகவில்லை.

இரு கணினிகளின் கதை

2017 இல் வாங்கப்பட்ட இரு கணினிகளை ஒப்புநோக்குவது பயனுடைத்து. ஒன்று இன்டெல் கோர் ஐ5-7400 கொண்டது, மற்றது ஏ.எம்.டி. ரைசன் 5 1600 கொண்டது. இரண்டும் ஒரே ஆண்டின் குழந்தைகள். இரண்டிலும் 8 ஜிகாபைட் நினைவகமும் என்விடியா ஜி.டி.எக்ஸ். 1060 வரைவியல் அட்டையும் உள்ளன எனக் கொள்ளலாம். வயதை மாத்திரம் நோக்குவோருக்கு இரண்டும் ஒன்றே. உண்மையிலோ இரண்டின் விதியும் வெவ்வேறு.

இன்டெல் தனது எட்டாம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளை 2017 ஒக்டோபரில் வெளியிட்டது. செயலி பொருந்தும் குழியில் ஊசிகளின் எண்ணிக்கை முன்போல 1151 தான். எனினும் புதிய செயலிக்குப் புதிய தாய்ப்பலகை வேண்டுமென்றது அந்நிறுவனம். மின்னூட்ட ஒழுங்கில் மாற்றமுண்டு என்பது அதன் விளக்கம். ஆயினும் ஆர்வலர் சிலர் பயொஸ் மென்பொருளைத் திருத்திப் பழைய பலகைகளிற் புதிய செயலியை இயக்கிக் காட்டினர். அப்பலகையை வாங்கியவருக்கு உத்தியோகபூர்வமாக எஞ்சிய உச்சப்படி, நான்கு கருக்கள் கொண்ட ஐ7-7700கே மாத்திரமே.

ரைசன் கணினியின் 'ஏ.எம்.4' குழியோ நீண்டகாலம் நிலைத்தது. 2020 மே மாதத்தில் ஏ.எம்.டி. நிறுவனமும் தன் அடுத்த தலைமுறைச் செயலிகளைப் பழைய பலகைகள் ஏற்கமாட்டா என்றே அறிவித்தது. பாவனையாளர் கொதித்தெழுந்தனர். அதே மாதத்திலேயே 400 வரிசைப் பலகைகளுக்கு அம்முடிவு மாற்றப்பட்டது. 2022 இல் 300 வரிசைப் பலகைகளுக்கும் வழி திறந்தது. இதனால், 2017 இல் வாங்கிய பலகையில், அதன் தயாரிப்பாளர் உரிய பயொஸ் புதுப்பிப்பை வழங்கியிருப்பின், 2022 இல் வெளிவந்த ரைசன் 5 5600 அல்லது எட்டுக் கருக்கள் கொண்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி பொருந்தும். வின்டோஸ் 11 உம் அதனை ஏற்கும்.

இவ்விரு வரலாறுகளும் புகட்டும் பாடம் ஒன்றே. 'முடியாது' என்று சொல்லப்படுவனவற்றுட் சில இயற்கையின் விதிகளல்ல, நிறுவனங்களின் தீர்மானங்கள். தீர்மானங்கள் எதிர்ப்பினால் மாறக்கூடியவை.

நோயறியாது மருந்திடல்

கணினி என்பது ஒரே பொருளன்று. பல உறுப்புகளின் கூட்டு. 1995 இல் இன்டெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். அளவுத்திட்டமே பெட்டி, தாய்ப்பலகை, மின்வழங்கி ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றும் வசதியைப் பரவலாக்கியது. அவ்வாறிருக்க, உறுப்பொன்றின் தளர்ச்சியை முழு உடலின் முதுமையாகக் கொள்வது, பல்வலிக்காகத் தலையை மாற்ற முனைவது போன்றதாகும்.

முதலிற் செய்யத்தக்கது செலவன்று, துப்புரவு. தூசியடைந்த விசிறியும் காய்ந்துபோன வெப்பக் களிம்பும் செயலியைச் சூடேற்றுகின்றன. சூடேறிய செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கின்றது. பலரும் முதுமை என்பது இந்தத் தூசியையே.

அடுத்தது அளவீடு. ஆட்டத்தின் காட்சித் தெளிவை 1080 வரிகளிலிருந்து 720 வரிகளுக்குக் குறைத்துப் பார்த்தல் வேண்டும். வினாடிக்கு வரையப்படும் சட்டங்களின் எண்ணிக்கை கணிசமாக உயருமாயின் தடை வரைவியல் அட்டையில் உள்ளது. உயராவிடின் தடை பெரும்பாலும் மையச் செயலியில் உள்ளது. நினைவகம் நிரம்பி வழிந்தால் ஆட்டம் இடையிடையே திக்கும். ஒற்றை நினைவகப் பட்டையோடு இயங்கும் கணினிக்கு இணையான இன்னொன்றைச் சேர்ப்பது கொள்ளளவை மட்டுமன்றித் தரவுப் பாதையையும் இரட்டிப்பாக்கும். வன்தட்டிலிருந்து எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கு மாறுவது, கணினி திறக்கவும் ஆட்டம் ஏறவும் எடுக்கும் நேரத்தை வெகுவாகக் குறைக்கும். ஆனால் சட்டங்களின் எண்ணிக்கையைப் பெரிதும் கூட்டாது. இவற்றை அறியாதவருக்குக் கடையில் விற்கப்படுவது தீர்வன்று, ஆறுதல்.

வரைவியல் அட்டை மாத்திரம் உண்மையிலேயே காலங்கடந்ததாகலாம். 2025 மே மாதத்தில் வெளியான 'டூம்: த டார்க் ஏஜஸ்' எனும் ஆட்டம் ஒளிக்கதிர்த் தடமறியும் வன்பொருளை இன்றியமையாததாக்கியது, ஜி.டி.எக்ஸ். 1060 இல் அவ்வன்பொருள் இல்லை. அவ்வட்டையின் தலைமுறைக்குப் புதிய ஆட்டங்களுக்கான இயக்கி மென்பொருள் வழங்குவதை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்தியது. இங்கு அட்டையை மாற்றலாம். அதற்காகக் கணினியை மாற்றவேண்டியதில்லை.

புதியதெல்லாம் பழைய பலகைக்குப் பொருந்துமென்பதுமில்லை. 2022 ஜனவரியில் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. அட்டைக்குத் தரவுப் பாதைகள் நான்கே. பழைய மூன்றாம் தலைமுறைப் பீ.சீ.ஐ. பலகையில் அதன் திறன் வெகுவாகக் குன்றும். மின்வழங்கியும் மறக்கத்தக்கதன்று. ஜி.டி.எக்ஸ். 1060 கேட்பது 120 வாற்று, ஆர்.ரி.எக்ஸ். 3060 கேட்பது 170 வாற்று. தரங்குறைந்த பழைய மின்வழங்கியில் இச்சுமையை ஏற்றுவது சிக்கனமன்று, சூதாட்டம்.

எதிர்த்திசைத் தவறு

தரமுயர்த்தலை ஒரு மதமாக்குவோரும் உளர். பழைய பொருளின்மீதுள்ள பற்றினால் ஆண்டுதோறும் சிறிதுசிறிதாகச் செலவிட்டு, ஈற்றில் புதியதின் விலையையே கொடுத்தும் பழையதையே வைத்திருப்போர் அவர்கள். செயலி, தாய்ப்பலகை, நினைவகம் மூன்றும் ஒருங்கே மாறவேண்டிய கட்டம் வருமாயின் அது தரமுயர்த்தலன்று. பெயர் மாறிய மாற்றீடேயாகும். 2022 இல் அறிமுகமான 'ஏ.எம்.5' குழி, டி.டி.ஆர்.5 நினைவகத்தை மாத்திரமே ஏற்கும், பழைய டி.டி.ஆர்.4 பட்டைகள் அதிற் பொருந்தா. மடிக்கணினிகளிற் பெரும்பாலும் செயலியும் வரைவியல் அலகும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், அவற்றில் தரமுயர்த்தல் நினைவகத்தோடும் சேமிப்பகத்தோடும் முடிந்துவிடும். சிலவற்றில் அதுவும் இயலாது.

அப்போதும் முழு மாற்றீடு என்பது அரிதே. பெட்டி, திரை, எஸ்.எஸ்.டி., தரமான மின்வழங்கி என்பன புதிய உடலிலும் உயிர்வாழும். 2025 இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெரும்பசியினால் நினைவகத்தின் விலை பெரிதும் உயர்ந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் மைக்ரோன் நிறுவனம், சாதாரண பாவனையாளருக்கான 'குரூசியல்' வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. பணம் பெருந் தரவு நிலையங்களின் பக்கம் சாயும்போது மாணவரின் தேவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படுகின்றது. இந்நிலையில் கையிலுள்ள டி.டி.ஆர்.4 பட்டை பழம்பொருளன்று, முதலீடு.

கற்றோர் கடன்

எறியப்படும் கணினி மறைந்துவிடுவதில்லை. 2024 இல் ஐக்கிய நாடுகள் சார் அமைப்புகள் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022 இல் மாத்திரம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்கழிவு உருவாகியது. அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி எவரோ ஒருவரின் நிலத்திலும் நீரிலும் சேர்கின்றது. அந்த ஒருவர் பெரும்பாலும் புதிய கணினியை வாங்கியவரல்லர்.

எனவே, 'தரமுயர்த்தலா, மாற்றீடா?' எனும் வினாவுக்குப் பொதுவிடை தேடுவது வீண். தடை எந்த உறுப்பில், அவ்வுறுப்பை ஏற்கும் குழி பலகையில் உண்டா, அதற்காகும் செலவு முழு மாற்றீட்டின் செலவில் எத்துணைப் பங்கு என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின்னரே முடிவு பிறத்தல் வேண்டும். இவ்வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் முடிவையும் பின்னர் காரணத்தையும் விற்பதே சந்தையின் கலை.

கவிதையொன்றை வரிவரியாகப் பிரித்துப் பொருள்காணப் பயிற்றப்பட்ட மாணவர், தம் மேசைமேலுள்ள பெட்டியைத் திறந்துபார்க்க அஞ்சுவது விந்தையே. பொறியியற் பீடத்தினரும் கணினி விஞ்ஞானத் துறையினரும் ஏனைய பீடங்களின் மாணவரைக் கூட்டி, பெட்டியைத் திறக்கவும் துடைக்கவும் அளக்கவும் பழக்குவாராயின், ஒரு பிற்பகலிலேயே இவ்வச்சம் நீங்கும். தன் கருவியை அறிந்தவன் அதன் எசமான். அறியாதவன் அதனை விற்பவனின் வாடிக்கையாளன். பல்கலைக்கழகம் உருவாக்க வேண்டியது எசமானரையேயன்றி வாடிக்கையாளரையன்று.