மேசைகளைக் கவிழ்க்காமல் மனதை மட்டும் அடக்கச் சொல்கிறோமே!



"வாசிக்கும்போது மனம் அலைகிறது, எனக்காக ஜெபியுங்கள் ஐயா" என்று பலர் கேட்கின்றனர். "மனதை அடக்குங்கள்" என்று நாமும் எளிதாகப் பதில் கூறிவிடுகிறோம். அந்தப் பதில் பாதி உண்மை; மீதிப் பாதி வாசிக்கிறவருக்குச் செய்யும் அநியாயம்.

கைப்பேசியில் ஒரு தியானக் கட்டுரையைத் திறக்கிறீர்கள். முதல் பத்தி முடியுமுன் நகைக்கடை விளம்பரம் குறுக்கிடுகிறது. அடுத்த பத்தியை மறைத்துக்கொண்டு, அறிவிப்புகளை அனுப்ப அனுமதி கேட்கும் பெட்டி. ஓரத்தில் தானாகவே ஓடத் தொடங்கும் காணொளி. கெத்செமனேயின் வியாகுலத்தை வாசிக்கும் கண்ணுக்குக் கீழே, கடன் தரும் செயலி ஒன்று மினுக்குகிறது. இத்தனைக்கும் நடுவே மனம் அலைந்தால், குற்றம் உங்களுடையது மட்டும்தானா?

எருசலேம் தேவாலயத்தை நினைத்துப் பாருங்கள். காசுக்காரரும் புறா விற்கிறவர்களும் இடம் பிடித்திருந்தது, புறஜாதியார் வந்து ஜெபிக்கக்கூடிய வெளிப்பிராகாரத்தில் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அந்த இரைச்சலில் ஜெபிக்க முயன்றவர்களிடம், இன்னும் கவனமாய் ஜெபிக்கும்படி ஆண்டவர் சொல்லவில்லை. மேசைகளைக் கவிழ்த்தார். பண்டங்களைச் சுமந்துகொண்டு ஆலயத்தின் ஊடே நடப்பதையும் அவர் தடுத்தார் என்று மாற்கு மட்டும் குறிப்பிடுகிறார் (11:16). அந்த வசனத்தை நாம் பிரசங்கிப்பது அரிது.

விளம்பரம் இன்றி ஊழியம் நடப்பது எப்படி என்று கேட்பீர்கள். காசுக்காரருக்கும் அதே நியாயம் இருந்தது. ஆலய வரியைத் தீருவின் நாணயத்தில் செலுத்த வேண்டும். தூரத்திலிருந்து வந்த ஏழைக்குப் பலியிடப் புறா வேண்டும். தேவை மெய்யானதே. இடம்தான் தவறு.

ஆகவே, ஜெபித்துவிட்டுச் சும்மா இராமல் கையையும் நீட்டுங்கள். சஃபாரி உலாவியில் 2010 முதலே ரீடர் என்னும் வசதி உண்டு. ஃபயர்ஃபாக்ஸிலும், கட்டுரைப் பக்கங்களில் முகவரிப் பட்டையில் தோன்றும் தாள் போன்ற சிறு குறியைத் தொட்டால், விளம்பரங்கள் விலகி எழுத்து மட்டும் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம், பின்னணி நிறத்தை மாற்றலாம். பார்வை மங்கிய மூத்தோருக்கு இது பேருதவி. எல்லாப் பக்கங்களிலும் இது செல்லாது. சில வேளை வேண்டிய படமும் சேர்ந்து போய்விடும். போகட்டும். அனுமதி கேட்கும் பெட்டிகளுக்கு மறுப்புச் சொல்லுங்கள். வாசிக்கும் அரைமணி நேரம் வாட்ஸ்அப்பின் ஒலி அடங்கியிருக்கட்டும், சபைக் குழுவில் வரும் ஆமென்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இது தொழில்நுட்பத் தந்திரமேயன்றி ஆவிக்குரிய காரியமல்ல என்பார் சிலர். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கக் கற்பித்தவர் ஆண்டவர் அல்லவா (மத்தேயு 6:6)? கதவைப் பூட்டுவதும் கையின் வேலையே.

உடன் ஊழியரே, உங்களோடு நானும் குற்றவாளி. என் பக்கத்தைத் திறந்தவுடன் காணிக்கை கேட்டு எழும் பெட்டி ஒன்று இரண்டு ஆண்டுகள் இருந்தது. மூத்த சகோதரி ஒருவர், "ஐயா, சங்கீதத்தைப் பார்க்குமுன் உங்கள் வங்கிக் கணக்கைத்தான் பார்க்கிறேன்" என்றார். அன்றிரவே அதை அகற்றினேன். கணக்கு எண் இப்பொழுது பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. கொடுக்க விரும்புகிறவர்கள் அங்கே தேடிக்கொள்வார்கள்.