மலையடியில் ஒரு தெரு



போளூர் வட்டத்தில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் படவேடு என்னும் ஊர் உள்ளது. சம்புவராய மன்னர்கள் பதினான்காம் நூற்றாண்டில் தலைநகராகக் கொண்டிருந்த இடம் அது. அத்தலைநகர் எவ்வாறு அழிந்தது என்று கேட்டால், கல்மாரியும் மண்மாரியும் பொழிந்து புதைந்து போயிற்று என்று அப்பகுதியினர் வழிவழியாகக் கூறுவர். மணலுக்கடியில் கிடந்த கோயில்கள் சில, பிற்காலத்தில் அகழ்ந்து எடுக்கப்பட்டுமுள்ளன.

வானத்திலிருந்து கல் பொழியுமா எனப் படித்தவர்கள் நகைப்பதுண்டு. எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. கமண்டல நாகநதி மலையிலிருந்து இறங்கிப் படவேட்டின் வழியே ஓடுகிறது. பெருமழை நாளில் மலையாறு நீரை மட்டுமா கொண்டு வருகிறது? மணலையும் கூழாங்கல்லையும், சில வேளைகளில் பாறையையுமே உருட்டி வருகிறது. அவ்வாறான ஓர் இரவைக் கண்டு தப்பியவர்கள் அதற்கு இட்ட பெயரே கல்மாரி என்று கருதுவது பிழையாகாது.

அப்பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பதை 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நமக்குக் காட்டிற்று. போளூருக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவண்ணாமலையில், அண்ணாமலையின் சரிவை ஒட்டி வ.உ.சி. நகர் என்ற குடியிருப்பு இருக்கிறது. அதன் பதினோராம் தெருவில், அன்று மாலை மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளின்மேல் விழுந்தன. ஒரு வீட்டில் இருந்த எழுவர் மாண்டனர். கணவன், மனைவி, அவர்களுடைய பிள்ளைகள் இருவர், அண்டை வீட்டுப் பிள்ளைகள் மூவர். அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் குறுகிய சந்துகளில் இயந்திரங்களைக் கொண்டு செல்ல வழியின்றி, பெரும்பாலும் கைக்கருவிகளைக் கொண்டே மண்ணை அகற்ற வேண்டியிருந்தது. எழுவரின் உடல்களையும் எடுத்து முடிக்க டிசம்பர் 3 ஆயிற்று.

அன்று ஞாயிற்றுக்கிழமை, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. விழித்திருக்கப் பணிக்கும் நற்செய்தி காலையில் நம் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது.

புயல் என்பது கடலோர மக்களின் துன்பம் என்றே நம் பகுதியினர் நெடுங்காலம் எண்ணி வந்தனர். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வழக்கமாகக் கரை கடந்த புயல் விரைந்து நகர்ந்து வலுவிழக்கும். இதுவோ புதுச்சேரி அருகிலேயே பல மணி நேரம் ஏறக்குறைய அசையாமல் நின்று மழையைக் கொட்டிற்று. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் பெய்தது. பின்னர் உள்நாட்டை நோக்கி நகர்ந்தபோது, கடலுக்கு வெகு தொலைவில், சவ்வாது மலைக்கு அப்பாலுள்ள ஊத்தங்கரையிலும் 50 சென்டிமீட்டர் பதிவாயிற்று. இருபது சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழை எனப்படும் என்பதை எண்ணிப் பார்த்தால் அளவு விளங்கும்.

இத்தகைய மழையில் மலைச்சரிவு எவ்வாறு இளகுகிறது? கீழே கடும்பாறை, அதன்மேல் போர்வைபோல் மண். நீர் மண்ணில் ஊறி இறங்கிப் பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு செல்ல வழியின்றித் தேங்குகிறது. அந்நீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது; ஊறிய மண்ணின் எடையோ கூடுகிறது. மண்ணில் பதிந்து நின்ற உருண்டைப் பாறைகள் பிடி இழந்து உருளத் தொடங்குகின்றன. வீடு கட்டுவதற்காகச் சரிவின் அடியை வெட்டியிருந்தால், மேலுள்ள மண்ணுக்கு முட்டுக்கொடுத்து நின்றதே அகன்றுவிட்டது என்று பொருள். மழைநீர் ஓடையின்மேல் வீடு இருந்தாலோ சொல்ல வேண்டுவதில்லை.

நம் வட்டாரத்தின் பழைய துயரங்களையும் நினைவுகூர்வது தகும். 1903 நவம்பரில் மைசூர் நாட்டின் பேத்தமங்கலம் ஏரி உடைந்து, பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியை இரவில் சூழ்ந்தது; ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டனர். 2021 நவம்பர் 19 அன்று விடியற்காலையில், தொடர்மழையில் ஊறிய சுவர் இடிந்து பேர்ணாம்பட்டில் ஒன்பது பேர் உயிரிழந்தனர். அவர்களுள்ளும் குழந்தைகள் நால்வர்.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் ஒன்று என் மனத்தை உறுத்துகிறது. மழை வலுத்தால் வீட்டுக்குள் சென்று கதவைச் சாத்துவது நம் இயல்பு. அச்சம் மிகுந்தால் பக்கத்து வீட்டாருடன் கூடி இருப்போம். பிள்ளைகளுக்கு அதுவே தைரியம். காற்றுக்கும் மின்னலுக்கும் இது நல்ல வழக்கம்தான். மலைச்சரிவிலும், ஊறிய மண்சுவரின் அருகிலும் இதே வழக்கம் கேடாக முடிகிறது. அங்கே வீட்டுக்கு வெளியே, சரிவுக்கும் ஓடைக்கும் விலகிய இடத்துக்கு, அதுவும் இருட்டுவதற்கு முன்பே போய்விட வேண்டும்.

'ஏன் அங்கே குடியேறினார்கள்?' என்று சமவெளியில் வீடுள்ளோர் எளிதாகக் கேட்கின்றனர். இலங்கையில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் தமிழ்த் தொழிலாளர்களுக்கு, அவர்கள் வாழ்ந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை கூறப்பட்டிருந்தது. 2014 அக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயன் வீடுகளை மூடியபோதும் பலர் அங்கேயே இருந்தனர். மாற்று வீடும், பிழைப்புக்கு அருகே நிலமும் இல்லாதவனிடம் போ என்று சொல்வதோடு கடமை முடிந்துவிடுமா? ஊருக்குள் நிலத்தின் விலை ஏறுந்தோறும் ஏழையின் வீடு மலையின்மேல் ஏறுகிறது. அதற்கு அவனை மட்டும் பொறுப்பாக்குவது நீதியன்று.

திருவண்ணாமலையில் மண்சரிவுக்குப் பிறகு சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் வந்து ஆராய்ந்தனர். அம்மாதம் 13ஆம் நாள் தீபத் திருவிழாவன்று மலையேறப் பொதுமக்களுக்கு இசைவு அளிக்கப்படவில்லை. திருவிழாவுக்கு வருவோரை ஒருநாள் தடுக்கலாம். சரிவிலேயே குடியிருப்போர்க்கு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்த நாள்தான்.

ஆகவே மலையடியில் வாழும் நம் குடும்பங்கள் சில அடையாளங்களை அறிந்திருக்கட்டும். தரையிலோ சுவரிலோ புதுவெடிப்பு தோன்றுதல், மரமும் மின்கம்பமும் சாய்தல், தெளிந்து வந்த ஊற்று திடீரெனக் கலங்குதல், மழை பெய்துகொண்டிருக்கையிலேயே ஓடைநீர் குறைந்துபோதல், மேலிருந்து உருளும் ஓசை கேட்டல். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொருள்களைச் சேகரிக்க நிற்கலாகாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077, மாநிலத்துக்கு 1070.

போளூரிலும் சுற்றுப்புறப் பங்குகளிலும் உறுதியான கட்டடம் என்றால் பெரும்பாலும் ஆலயக் கூடமும் பள்ளியும்தான். மழைக்காலத்துக்கு முன்னரே பங்குப் பேரவையில் கேட்டு வையுங்கள்: நள்ளிரவில் பள்ளியின் திறவுகோல் யாரிடம் இருக்கும்? அவர் வெளியூர் சென்றிருந்தால் யாரிடம்?