அந்த எண் சொல்லாதது

'முப்பது வயதானதும் ஒவ்வொரு பெண்ணும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தாயாக இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்' என்கிறார் ஒரு கட்டுரையாளர். தெரியாது.

சினைப்பையின் சிறு நுண்ணறைகள் சுரக்கும் ஹார்மோன் ஏ.எம்.எச். முட்டைகள் எவ்வளவு மிச்சம் என்பதைத் தோராயமாகக் காட்டும், தரத்தைக் காட்டாது. தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. இயல்பாகக் கருத்தரிக்க மாதம் ஒரு முட்டை போதும். 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு, குழந்தையின்மைச் சிக்கல் இருந்திராத, 30 முதல் 44 வயதுவரையான சுமார் 750 பெண்களைக் கவனித்தது. ஆறு மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு, ஏ.எம்.எச். குறைந்தவர்களுக்கு 65 சதவீதம்; இயல்பானவர்களுக்கு 62. இதற்கு மேல் என்ன சொல்ல?

ஐ.வி.எஃப். சிகிச்சையில் ஊசி மருந்தின் அளவை முடிவுசெய்ய இந்தப் பரிசோதனை உதவும். மறுக்கவில்லை. ஆனால் என் சித்தி மகள் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. வயது 29. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் இதுவும் சேர்ந்து வந்தது. '0.6' என்று தடித்த எழுத்து, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி. அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "பெண் பார்க்க வர்றவங்ககிட்ட இதைச் சொல்லணுமாக்கா?" என்று கேட்டு அழுதாள். அவள் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாளா என்றுகூட ஆய்வகத்தில் யாரும் கேட்கவில்லை. அந்த மாத்திரை இந்த அளவைக் குறைத்துக் காட்டக்கூடியது.

குழந்தையின்மைச் சிக்கல் இல்லாத பெண்களுக்கு, கருவுறும் திறனை அறிய இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2019-லேயே சொல்லிவிட்டது. தொகுப்பிலிருந்து இதை எடுத்துவிடுங்கள்.