பெரிய எழுத்து யாருக்கு?

பொதுப்பெயருக்குச் சின்ன எழுத்து, சிறப்புப்பெயருக்குப் பெரிய எழுத்து என்கிறது ஆங்கில இலக்கணம். ஆள், ஊர், மதம், மொழி, கிழமை, மாதம் எல்லாத்துக்கும் முதல் எழுத்து பெரிசு. அப்படின்னா தலித்துக்கு மட்டும் ஏன் சின்ன 'டி'?

குத்தம்பாக்கத்தில் சாயங்கால நேரம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். பேப்பரை வாசிக்கச் சொன்னால், ஒன்பதாவது படிக்கிற பெண் கேட்கிறாள்: "பிராமினுக்குப் பெரிய 'பி', முதலியாருக்குப் பெரிய 'எம்' போட்டிருக்காங்க. நமக்கு மட்டும் ஏன் சார் சின்னது?" எல்லா ஏடும் இப்படி இல்லை; ஆனால் இப்படி அச்சடித்த ஏடுகள் நம் நாட்டில் நிறைய. நான் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பிய கடிதத்தையே ஓர் ஆங்கில நாளேடு சின்னதாக்கித்தான் போட்டது. அதே கடிதத்தில் 'இந்து' பெரிசாகவே இருந்தது.

கேட்டால் வியாக்கியானம் சொல்கிறார்கள். தலித் என்பது சாதிப்பெயர் இல்லையாம், நொறுக்கப்பட்டவர் என்று பொருள்படும் வெறும் அடைமொழியாம். புராட்டஸ்டன்ட் என்பதும் எதிர்ப்பவர் என்ற பொருளில் வந்த சொல்தானே? அதை எவர் சின்ன எழுத்தில் எழுதுகிறார்? 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அந்தச் சொல்லை இயக்கத்தின் பெயராகவே தூக்கிப் பிடித்தார்கள். அதற்கும் முன்பே, 1945லும் 1948லும் வந்த தம் நூல்களில் தீண்டத்தகாதார் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை வாக்கியத்தின் நடுவிலும் பெரிய எழுத்தில்தான் எழுதினார் அம்பேத்கர். இலக்கணம் தெரியாமலா எழுதினார்?

அமெரிக்கக் கறுப்பர்களுக்கு இது பழைய சண்டை. 1899இல் 'தி பிலடெல்பியா நீக்ரோ' நூலின் அடிக்குறிப்பிலேயே டூபாய்ஸ் இந்த உரிமையைக் கேட்டார். 'நீக்ரோ'வுக்கு நியூயார்க் டைம்ஸ் பெரிய எழுத்து கொடுத்தது 1930இல். 'பிளாக்'குக்கு அசோசியேட்டட் பிரஸ் கொடுத்தது 2020இல், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு. தெருவில் இறங்கிய மக்கள்தான் அந்த விதியைத் திருத்தினார்கள்.

தமிழில் பெரிய எழுத்தே கிடையாது என்று யாரும் மார்தட்ட வேண்டாம். 'வந்தார்', 'வந்தான்' இரண்டும் என்னவாம்? எங்க தாத்தாவை அறுபது வயசிலயும் ஊர்ப் பொடியன் 'வாடா'ன்னுதான் கூப்பிட்டான். ஊருக்குப் பேர் உண்டு. நாம் இருக்கிற இடம் வெறும் 'காலனி', பொதுப்பெயர். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வரவே 2025 ஆகிவிட்டது.

ஓர் எழுத்து பெரிசானா பஞ்சமி நிலம் திரும்பிடுமான்னு தோழர்கள் கேப்பீங்க. திரும்பாது. அந்தப் போராட்டத்தை யாரும் விடச் சொல்லல. ஆனா நிலத்துக்கு மனு எழுதறப்பவும் முதல்ல நம்ம பேரைத்தானே எழுதறோம்?

மாணவர்களே, எழுத்தாளர்களே! ஆய்வேட்டில், மனுவில், மொழிபெயர்ப்பில் பெரிய 'டி' போடுங்கள். பத்திரிகைக்காரர் குறைத்தால் அச்சேறும் முன்பே சண்டை போடுங்கள். மசியவில்லையா, பிராமினையும் இந்துவையும் சின்ன எழுத்தில் போடச் சொல்லுங்கள். எல்லாருக்கும் சின்ன எழுத்து என்றால் நமக்கும் சம்மதம்.